டீச்சரைக் கேளுங்கள்: 'மேம்படுத்துவார்' என்றால் என்ன செய்வார்?

பள்ளி திறந்து இரண்டு மாதம் ஆனால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஆர்.பி.ஐ. பற்றியதாக இருக்கும். இந்த முறை முக்கால்வாசி. சிறப்புக் கல்வி வகுப்புப் பக்கமே போகாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: 'ரஞ்சாங்கான் பெண்டிடிக்கான் இண்டிவிடு' என்ற மலாய்ப் பெயரின் சுருக்கம் அது; தனியாள் கல்வித் திட்டம் என்று பொருள். இந்தப் பிள்ளை இந்த ஆண்டு எதைக் கற்கப்போகிறது என்று அந்த ஒரு பிள்ளைக்காகவே எழுதும் திட்டம். ஆசிரியர் எழுதுவார், பெற்றோர் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். பார்க்காமலும் போடுவார்கள். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

என் மகனுக்கு எட்டு வயது, டவுன் சிண்ட்ரோம். தேசியப் பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் படிக்கிறான். போன வாரம் ஆர்.பி.ஐ. பாரத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். 'மாணவர் பணத்தைப் பற்றிய அறிவை மேம்படுத்துவார்', 'மாணவர் சமூகத் திறனை மேம்படுத்துவார்', 'மாணவர் சுய பராமரிப்பை மேம்படுத்துவார்' என்று பதினொரு இலக்குகள் இருந்தன. போட்டுவிட்டேன். வீட்டில் கணவர் படித்துவிட்டு, "சரி, இதில் பையன் என்ன செய்யப்போகிறான்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. டீச்சரிடம் போய்க் கேட்டால் தப்பாக நினைப்பாரா?
— ஒரு தாய், பட்டர்வொர்த்

உங்கள் கணவரை எனக்குப் பிடித்துவிட்டது அம்மா. இருபத்தாறு வருடம் இந்த வேலை பார்த்த எனக்கும் அந்தப் பதினொன்றைப் படித்தால் பையன் என்ன செய்யப்போகிறான் என்று தெரியவில்லை. மொட்டைத் தாத்தா குட்டையில் விழுந்தார் என்பது போல இருக்கிறது. எந்தத் தாத்தா, எந்தக் குட்டை?

'மேம்படுத்துவார்' என்பது எழுதுகிறவருக்கு ரொம்ப வசதியான சொல். அது பொய்யாகவே ஆகாது. ஆண்டுக் கடைசியில் பையன் ஒரே ஒரு காசை உண்டியலில் போட்டிருந்தால்கூட 'மேம்பட்டார்' என்று டிக் போட்டுவிடலாம். நானும் போட்டிருக்கிறேன்.

பணத்தையே எடுத்துக்கொள்வோம். இலக்கு எழுதுவதற்கு முன்னால் இன்று அவனால் என்ன முடியும் என்று தெரிய வேண்டும். இன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் ஐந்து, பத்து, இருபது, ஐம்பது காசுகளைப் பரப்பி, "ஐம்பது காசு எடு" என்று சொல்லிப் பாருங்கள். 2012ல் வந்த புதிய காசுகளில் ஐந்தும் பத்தும் வெள்ளி நிறம், இருபதும் ஐம்பதும் தங்க நிறம். நம் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். என்னிடம் படித்த ஒருவன் கேண்டீனில் ஐம்பது காசுக்குப் பதில் இருபது காசைக் கொடுப்பான், கேண்டீன் அக்கா திருப்பித் தருவார், இவன் அழுவான். 'பணத்தைப் பற்றித் தெரியாது' என்று அவன் கோப்பில் எழுதியிருந்தார்கள். பணத்தைப் பற்றி அவனுக்கு நன்றாகவே தெரியும், கொடுத்தால் பலகாரம் கிடைக்கும் என்றும் தெரியும். இரண்டு மஞ்சள் காசுகளைப் பிரிக்கத்தான் தெரியவில்லை. ஐம்பது காசின் ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். கண்ணை மூடி விரலால் தடவச் சொன்னேன். ஒன்பது நாளில் பிடித்துக்கொண்டான். 'பண அறிவு' என்று எழுதி வைத்திருந்தால் அந்த வருடம் முழுக்க பயிற்சித்தாளில் காசுப் படத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருப்போம்.

இன்றைய நிலை தெரிந்த பிறகு இலக்கு தானாக வரும். உங்கள் மகனுக்கு நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

'ஓய்வு நேரத்தில், கேண்டீனில், இரண்டு ரிங்கிட்டுக்குள் ஒரு பொருளைத் தானே கேட்டு, பணத்தைக் கொடுத்து, மீதிக் காசு கைக்கு வரும் வரை நகராமல் நிற்பான். பெரியவர் யாரும் சொல்லாமலும் தொடாமலும். வாரத்தில் ஐந்து நாளுக்கு நான்கு நாள், தொடர்ந்து மூன்று வாரம். ஆகஸ்ட் மாத முடிவுக்குள்.'

மீதி வரும் வரை நிற்பது ஏன் தனியாக வருகிறது என்று கேட்பீர்கள். நாசி லெமாக் பொட்டலம் கைக்கு வந்ததும் ஓடிவிடுவார்கள் அம்மா. அக்கா மீதியைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். கேண்டீனில் பத்து நிமிடம் நின்று பார்த்த ஆசிரியருக்குத்தான் இந்த வரி தோன்றும்.

இந்த இலக்கில் இடம் இருக்கிறது, செயல் இருக்கிறது, எவ்வளவு உதவி, எத்தனை தடவை, எந்தத் தேதிக்குள் என்பதெல்லாம் இருக்கிறது. நீங்களும் வகுப்பு உதவியாளரும் ஒரே நாள் ஓய்வு நேரத்தில் ஆளுக்கொரு மூலையில் நின்று பார்த்தால் இரண்டு பேரும் 'செய்தான்' அல்லது 'செய்யவில்லை' என்று ஒரே பதிலைத்தான் சொல்வீர்கள். 'சமூகத் திறன்' என்றால் உங்களுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று.

அப்புறம், பதினொன்று அதிகம். மூன்று, மிஞ்சினால் நான்கு. மீதியை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

டீச்சரிடம் கேளுங்கள். கையெழுத்துப் போட்டதால் கதவு மூடிவிடவில்லை. "இது சரியில்லை" என்று ஆரம்பிக்க வேண்டாம். "டீச்சர், இந்த இலக்கை அவன் எட்டிவிட்டால் வீட்டில் எனக்கு என்ன வித்தியாசம் தெரியும்?" என்று கேளுங்கள். கூடவே வெறுங்கையோடு போகாமல் வீட்டுத் தகவலும் கொண்டுபோங்கள்: சட்டையைக் கழற்றுவான், பட்டன் போடத் தெரியாது, காலணி போடுவான், வலது இடது மாறும். சுய பராமரிப்பு இலக்கு அதிலிருந்துதான் வர வேண்டும். டீச்சர் ஐந்து நிமிடம் முகத்தைச் சுளித்தாலும் ஆறாவது நிமிடம் பேனாவை எடுப்பார்.

மாற்றுத்திறனாளி அட்டை எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்று மாமியார் தடுக்கிறார். அட்டை இல்லாமல் ஆர்.பி.ஐ. சரியாக எழுத முடியாதா?
— ஒரு தந்தை, செந்தூல்

அட்டை சலுகைகளுக்காக ஐயா. பதிவு செய்துகொள்ளச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தப்போவதில்லை, ஆனால் எடுத்து வைப்பது நல்லது என்பது என் கருத்து. மாமியாருக்கு, அட்டை பர்சுக்குள்தான் இருக்கும், நெற்றியில் ஒட்டமாட்டார்கள் என்று சொல்லுங்கள்.

இலக்கு எழுத அது உதவாது. சமூக நலத்துறை அட்டைக்காக வகுத்திருக்கும் ஏழு குறைபாட்டுப் பிரிவுகளில் 'கற்றல்' என்பது ஒன்று. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், டிஸ்லெக்சியா எல்லாம் அந்த ஒரே கூடையில். எழுத்து மட்டும் தகராறு செய்கிற பையனும், இன்னும் ஸ்பூன் பிடிக்கக் கற்கிற பையனும் ஒரே பிரிவு. பிள்ளையைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

மகளுக்கு ஐந்து வயது, ஆட்டிசம். நாலைந்து சொற்கள்தான் பேசுகிறாள். ஒரு சிகிச்சையாளர், "வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி என்றால் குழம்பிவிடும்" என்றார். பகலில் அவளைப் பார்த்துக்கொள்வது என் அம்மா. அவருக்குத் தமிழ் மட்டும்தான். பிறகு சேரப்போவது மலாய்ப் பள்ளி. பேச்சு இலக்கை எந்த மொழியில் எழுதச் சொல்வது?
— பாயான் பாருவிலிருந்து ஒரு வாசகி

முதலில், அம்மாவை வாயடைக்காதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசப் பிள்ளைகள், ஒரு மொழி மட்டும் கேட்கும் ஆட்டிசப் பிள்ளைகளைவிடப் பேச்சில் பின்தங்குவதில்லை. என் காலத்தில் நாங்களும் பெற்றோரிடம் "ஒரே மொழி, ஒரே மொழி" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். தப்பு. அதைக் கேட்டுப் பல வீடுகளில் பாட்டி பேரனிடம் பேசுவதையே விட்டுவிட்டார். பகல் முழுக்கப் பேச ஆள் இருந்த பிள்ளைக்கு ஆள் இல்லாமல் போனதுதான் மிச்சம்.

இலக்கை மொழிக்கு எழுதாமல் 'கேட்பது' என்ற செயலுக்கு எழுதச் சொல்லுங்கள். இன்று பால் வேண்டுமென்றால் அவள் உங்கள் கையைப் பிடித்து ஃபிரிட்ஜ் வரை இழுத்துப் போகிறாளா? அதுதான் இன்றைய நிலை. அடுத்த படி: பால் படம் போட்ட அட்டையை எடுத்து, எதிரில் இருப்பவர் கையில் வைப்பாள், அல்லது தமிழிலோ மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்லால் கேட்பாள். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, குறைந்தது இரண்டு வெவ்வேறு ஆட்களிடம். இரண்டு ஆட்கள் என்பதை விட்டுவிடாதீர்கள். சிகிச்சை அறையில் ஒருவரிடம் மட்டும் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தால் பழையபடி கையை இழுக்கும் பிள்ளைகள் உண்டு. அந்த இரண்டாவது ஆள் உங்கள் அம்மாவாக இருக்கட்டும்.

பாரத்தோடு இன்னொரு தாளையும் இணையுங்கள். அவள் சொல்லும் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் அவள் அகராதியில் என்ன பொருள் என்று. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. எங்கள் வகுப்புக்குப் புதிதாக வந்த ஒரு தமிழ்ப் பையன் முதல் வாரம் "சுசு, சுசு" என்று குதித்தான். மலாயில் சுசு என்றால் பால். மலாய்க்கார உதவியாளர் பாவம், ரொம்ப அன்பானவர். பிள்ளை வாய் திறந்து பால் கேட்கிறதே என்று சந்தோஷப்பட்டு ஒரு பாக்கெட்டில் ஸ்ட்ரா குத்திக் கொடுத்தார். அவன் தள்ளிவிட்டான். மறுபடி கொடுத்தார். இரண்டு நிமிடத்தில் தரையெல்லாம் ஈரம். அன்று மத்தியானமே வகுப்புக் கதவில் ஒட்டினோம்: 'இவன் சுசு என்றால் கழிப்பறை.'

தமிழ்ப்பள்ளியில் சிறப்புக் கல்வி ஆசிரியராகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. பன்னிரண்டு மாணவர்கள். போன ஆண்டு ஆர்.பி.ஐ.யையே எடுத்துத் தேதியை மாற்றினால் என்ன என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். எல்லா இலக்கிலும் '80 விழுக்காடு' என்று போட்டுவிடச் சொல்கிறார்கள். பாடம் நடத்திக்கொண்டே எப்படிப் பதிவு எடுப்பது என்பதும் புரியவில்லை.
— இளம் ஆசிரியர், கூலிம்

தம்பி, காப்பி அடிப்பதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருடம், ராத்திரி பதினொரு மணி, மறுநாள் கோப்பு கொடுக்க வேண்டும். போன ஆண்டுத் தாளைத் திறந்து தேதியை மாற்றி, பெயரை மாற்றி, அச்செடுத்துக் கொடுத்தேன். ஒரு தாய் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்து, "டீச்சர், இது யார்?" என்று கேட்டார். இலக்கு ஐந்தில் வேறு பையனின் பெயர் அப்படியே இருந்தது. அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "அப்போ என் பிள்ளைக்கு ஐந்தாவது என்ன?" என்று மட்டும் கேட்டார். இன்றைக்கும் அந்த விரல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இந்தத் தனித் திட்டம் என்ற ஏற்பாட்டை அமெரிக்கா 1975லேயே சட்டமாக்கி, ஆண்டு இலக்குகளை எழுத்தில் தரக் கட்டாயப்படுத்தியது. அங்கேயும் காப்பி அடித்தார்கள். கொலராடோ மாநிலத்தில் ஆட்டிசம் உள்ள ஒரு பையனுக்கு ஆண்டுக்கு ஆண்டு கிட்டத்தட்ட அதே இலக்குகள் வந்தன. பெற்றோர் அவனைப் பள்ளியிலிருந்து எடுத்துத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டு வழக்குப் போட்டார்கள். 2017ல் உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒரே குரலில், பேருக்கு ஏதோ கொஞ்சம் முன்னேற்றம் என்பது போதாது, பிள்ளையின் நிலைக்கு ஏற்ற அளவில் எட்டிப் பிடிக்கும்படியான இலக்கு வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பு கூலிமைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஒரே இலக்கு இரண்டாம் ஆண்டும் வருகிறது என்றால் ஒன்று இலக்கு தப்பு, அல்லது சொல்லிக்கொடுத்த முறை தப்பு. பன்னிரண்டு கோப்பையும் எடுத்து, திரும்பி வந்த இலக்குகளுக்கு மட்டும் சிவப்பு வட்டம் போடுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

80 விழுக்காடு ஒரு தொற்று. 'சாலையைப் பாதுகாப்பாகக் கடப்பார், 80 விழுக்காடு' என்று நானே ஒரு கோப்பில் பார்த்தேன். பத்துக்கு இரண்டு தடவை லாரியில் அடிபடலாமா? சாலை, அடுப்பு, மருந்து என்றால் முழுமையாக வேண்டும், இல்லையென்றால் 'பெரியவர் கையைப் பிடித்துக் கடப்பார்' என்று எழுத வேண்டும். கை கழுவுவதில் 80 விழுக்காடு என்றால் பத்துக்கு எட்டு நாளா, ஐந்து விரலில் நாலு விரலா? எண்ண முடிகிறதை எண்ணில் எழுதுங்கள்: 'பத்துச் சொற்களில் எட்டு', 'சோப்பு போட்டு, தேய்த்து, அலசி, துடைத்து, நாலு படியும் தானாக'.

'உதவியுடன்' என்பதும் அப்படித்தான். கையைப் பிடித்துச் செய்ய வைத்தீர்களா, சைகை காட்டினீர்களா, வாயால் சொன்னீர்களா? செப்டம்பரில் வாய் வார்த்தையே போதும் என்ற நிலைக்கு வந்தால் அது பெரிய முன்னேற்றம். 'உதவியுடன்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது யார் கண்ணிலும் படாது.

பதிவுக்குப் பெரிய அட்டவணை எல்லாம் வேண்டாம். காலையில் இடது மணிக்கட்டில் பத்து ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்வேன். அன்றைக்குப் பார்க்க வேண்டிய ஒரு பையன், ஒரு செயல். அவன் செய்யும் ஒவ்வொரு முறையும் ஒரு ரப்பர் பேண்ட் வலது கைக்கு மாறும். ஓய்வு நேரத்தில் எண்ணி, சுவரில் தொங்கும் நாட்காட்டியின் அந்தத் தேதிக் கட்டத்தில் எழுதிவிடுவேன். மறுநாள் வேறு பையன். பன்னிரண்டு பேரையும் தினமும் பார்க்கத் தேவையில்லை, மூன்று வாரத்துக்குள் ஒரு சுற்று வந்தால் போதும். உறவினர் திருமணம் ஒன்றுக்கு வளையலோடு ரப்பர் பேண்டும் சேர்த்துப் போய் நின்றிருக்கிறேன், அது வேறு கதை.

பேரனுக்கு 15 வயது. அறிவு வளர்ச்சிக் குறைவு என்று டாக்டர் சொன்னார். ஏழு வயதிலிருந்து புள்ளியிட்ட எழுத்தின் மேல் ஏ, பி, சி எழுதிக்கொண்டிருக்கிறான், இந்த ஆண்டு இலக்கும் அதே. எனக்கு 71 வயது. நான் போன பிறகு இவன் எப்படி என்ற கவலை. பள்ளியில் என்ன கேட்க வேண்டும்?
— ஒரு தாத்தா, ஆயர் ஈத்தாம்

ஐயா, எட்டு வருடம் புள்ளி மேல் எழுதியது போதும் என்று கேளுங்கள். அமெரிக்கச் சட்டத்தில் பிள்ளைக்கு 16 வயது ஆகும்போது, பள்ளிக்குப் பிந்திய வாழ்க்கைக்கான இலக்குகளும் திட்டத்தில் இருந்தாக வேண்டும். நம் ஊரில் அப்படிப் பாரத்தில் கட்டம் இருக்கிறதோ இல்லையோ, 15 வயதில் அந்தப் பேச்சை நீங்களே எடுக்கலாம்.

நீங்கள் ஆயர் ஈத்தாமில் இருப்பதால் எனக்கு முதலில் தோன்றுவது பஸ். டவுனில் பஸ்கள் வந்து கூடும் கொம்தாரிலிருந்து வீட்டுக்குத் தனியாக வரத் தெரிந்தால், நாளைக்கு ஏதாவது ஒரு வேலைக்குப் போய் வரவும் முடியும். கொடிமலைப் பக்கம் போவது 204. கொம்தாரில் நின்றால் 201, 203 என்று இரண்டில் தொடங்கும் பஸ்கள் அடுத்தடுத்து வரும். அவனுக்கு இருபத்தாறு எழுத்தும் வேண்டாம், 204 என்ற எண்ணை அதைப் போலவே இருக்கும் மற்ற எண்களிலிருந்து பிரித்தெடுக்கத் தெரிய வேண்டும். வகுப்பில் பஸ் நெற்றியைப் படம் எடுத்து அட்டைகளாகப் போட்டுப் பழக்கச் சொல்லுங்கள். அதை ஒரு இலக்காக எழுதட்டும்: 'ஐந்து அட்டைகளில் 204ஐ ஐந்து விநாடிக்குள் எடுப்பான், பத்துக்குப் பத்து.' இங்கே எட்டு போதாது. தப்பான பஸ் ஏறினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

பயணத்தைக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிப் பழக்குவது நல்லது. முதலில் எல்லாவற்றையும் நீங்கள் செய்யுங்கள்; வீட்டு ஸ்டாப் வரும்போது பெல் அடித்து இறங்குவது மட்டும் அவன் வேலை. வீடு வந்து சேர்ந்த சந்தோஷம் அந்தப் பெல்லோடு ஒட்டிக்கொள்ளும். அது பழகிய பிறகு கட்டணம் அவன் பொறுப்பு. பிறகு கை காட்டி நிறுத்துவது. நீங்கள் பக்கத்து இருக்கையிலிருந்து இரண்டு வரிசை பின்னால் போவீர்கள், அப்புறம் கடைசி வரிசைக்கு, அப்புறம் பஸ்ஸிலேயே இல்லாமல் ஸ்டாப்பில் நிற்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி. அவன் பெல் அடிக்கத் தாமதித்தால் நீங்கள் எட்டி அடித்துவிடாதீர்கள், தாத்தாக்களுக்கு அதுதான் கஷ்டம். ஒரு ஸ்டாப் தாண்டிப் போனால் நடந்து திரும்பி வாருங்கள்.

இறங்கும் இடம் சந்தைக்கு முன்னாலா பின்னாலா, அங்கிருந்து வீட்டுக்குச் சாலையைக் கடக்க வேண்டுமா என்று கடிதத்தில் இல்லை. எழுதி அனுப்புங்கள், அடுத்த மாதம் படிகளைப் பிரித்துத் தருகிறேன்.